ஓசூரில் முதலில் வருவது நில விலை, கடைசியில் வருவது சாக்கடைக் குழாய்

விமான நிலையம் வரப்போகிறது என்று ஒரு செய்தி. மெட்ரோ வருமா, வராதா என்று இன்னொரு செய்தி. பெங்களூரைச் சுற்றிவரும் துணைநகர வட்டச் சாலை ஓசூர் வழியாகப் போகிறது. நகர வளர்ச்சிக் குழுமம், முழுமைத் திட்டம், நில வகை மாற்றம் என்று அறிவிப்புகள் வேறு. தனித்தனியாகப் படித்தால் எல்லாமே நல்ல செய்திகளாகத்தான் தெரிகின்றன. ஆனால் பாகலூர் ரோட்டில் 30க்கு 40 சைட் ஒன்றை வாங்கிப் போட்டிருப்பவருக்கும், மூக்கண்டப்பள்ளியில் ஷீட் போட்ட வீட்டில் வாடகைக்கு இருக்கும் ஆலைத் தொழிலாளிக்கும், ஏரிக்கரையோரம் தள்ளுவண்டி போடுகிறவருக்கும் இந்தச் செய்திகளின் பொருள் ஒன்றல்ல.

ஒரு நகரம் மாறும்போது எது முதலில் வருகிறது, எது பின்னால் வருகிறது என்ற வரிசைதான் யாருக்கு லாபம், யாருக்கு நட்டம் என்பதை முடிவு செய்கிறது. ஓசூரில் அந்த வரிசை தலைகீழாக இருக்கிறது என்பது என் கருத்து. அதை அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

## ஓசூர் இந்த நிலைக்கு வந்த வழி

தொழில் வளாகங்களை அமைப்பதற்காகத் தமிழ்நாடு அரசு 1971ல் சிப்காட் நிறுவனத்தைத் தொடங்கியது. அதன் தொடக்ககாலத் தொழில் வளாகங்களில் ஒன்று 1970களில் ஓசூரில் அமைந்தது. அப்போது ஓசூர் தர்மபுரி மாவட்டத்தில் இருந்தது. தொழிலில் பின்தங்கிய மாவட்டம் என்பதால் சலுகைகள் கிடைத்தன. பெங்களூரு 40 கிலோமீட்டர் தூரத்தில் இருந்ததால் உதிரிபாகங்களும் பொறியாளர்களும் கிடைப்பது எளிதாக இருந்தது. 1980ஐ ஒட்டி டிவிஎஸ், அசோக் லேலண்ட் ஆலைகள் வந்தன. அதே பத்தாண்டில் டைட்டன் கைக்கடிகார ஆலையும் வந்தது. 2004ல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானபோது, மாவட்டத் தலைநகரைவிட ஓசூர் பெரிய ஊராகிவிட்டிருந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கிருஷ்ணகிரி நகரில் 71,323 பேர், தர்மபுரி நகரில் 68,619 பேர், ஓசூரின் பழைய நகராட்சி எல்லைக்குள் 1,16,821 பேர்.

‘பழைய எல்லை’ என்பதைக் கவனிக்க வேண்டும். தொழிற்சாலைகளும் அவற்றை ஒட்டிய குடியிருப்புகளும் பெரும்பாலும் அந்த எல்லைக்கு வெளியே, ஜூஜூவாடி, மூக்கண்டப்பள்ளி போன்ற ஊராட்சிகளில் வளர்ந்தன. பேருந்து நிலையம், சந்தை, தாலுகா ஆபீஸ் எல்லாம் நகராட்சிக்குள். ஊர் ஒன்றுதான், நிர்வாகம்தான் துண்டு துண்டு. 2011ல் அந்த ஊராட்சிகளும் மத்திகிரி பேரூராட்சியும் நகராட்சியோடு சேர்க்கப்பட்டன. சுமார் 11 சதுர கிலோமீட்டராக இருந்த பரப்பு 72ஐத் தாண்டியது. 2019 பிப்ரவரியில் நாகர்கோவிலோடு சேர்ந்து ஓசூரும் மாநகராட்சி ஆனது. முதல் மாநகராட்சித் தேர்தல் 2022ல், 45 வார்டுகளுக்கு நடந்தது.

இந்த வரலாற்றின் விளைவு இன்றும் தெருவில் தெரியும். பழைய ஊரின் தெருக்கள் மாட்டுவண்டிக் காலத்து அகலம். சிப்காட் சாலைகள் லாரிக்குப் போட்டவை. இரண்டுக்கும் நடுவே மனை மனையாகப் பிரித்து விற்கப்பட்ட விவசாய நிலங்களில் 20 அடிச் சாலை ஒன்று சட்டென்று வேலியில் போய் முட்டி நிற்கும், ஏனென்றால் பக்கத்து லேஅவுட்டைப் போட்டவர் வேறு ஆள்.

அண்மை ஆண்டுகளில் வேகம் இன்னும் கூடியிருக்கிறது. ஓசூரில் ஏத்தர், போச்சம்பள்ளிப் பக்கம் ஓலா, கெலமங்கலம் பக்கம் ஆயிரக்கணக்கான பெண்கள் வேலை செய்யும் டாடா எலக்ட்ரானிக்ஸ் என்று மின்வாகனமும் மின்னணுவும் வந்துவிட்டன.

## முதலில் சில சொற்கள்

1. முழுமைத் திட்டம். எந்தச் சர்வே எண் குடியிருப்பு, எது வணிகம், எது தொழில், எது விவசாயம், எங்கே சாலை அகலமாகும் என்பதைப் பல ஆண்டுகளுக்கு முன்கூட்டியே வரையறுக்கும் சட்டபூர்வமான வரைபடம். 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம்தான் இதற்கு அடிப்படை. மாஸ்டர் பிளான் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான்.

2. நில வகைப்பாடு. ஒரு நிலம் அந்த வரைபடத்தில் எந்த வண்ணத்தில் இருக்கிறது என்பது. விவசாயம் என்றிருப்பது குடியிருப்பு என்று மாறினால், மண்ணில் எதுவும் மாறாமலே விலை பல மடங்காகலாம்.

3. தளப்பரப்புக் குறியீடு. மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு. தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டடங்களுக்கு இது 2. அதாவது 30க்கு 40 மனை என்றால் 1,200 சதுர அடி. எல்லாத் தளங்களையும் சேர்த்து 2,400 சதுர அடி வரை கட்டலாம், சுற்றிலும் விட வேண்டிய இடத்தை விட்டு. அகலமான சாலையில் இருந்தால் அரசுக்குப் பணம் கட்டிக் கூடுதல் பரப்பும் வாங்கலாம்.

4. வழிகாட்டி மதிப்பு. பத்திரப் பதிவுக்காகப் பதிவுத்துறை நிர்ணயித்திருக்கும் விலை. சந்தை விலை பெரும்பாலும் இதைவிட அதிகம். இந்த இடைவெளி பின்னால் எப்படிக் கடிக்கிறது என்று பார்ப்போம்.

5. நகரப் புத்தாக்கம். ஏற்கெனவே ஆட்கள் வாழும், தொழில் செய்யும், பழுதாகிப்போன பகுதியைச் சீர்செய்து மறுபடி உயிரூட்டுவது. பழைய சந்தை, பழைய தொழிற்பேட்டை, ஊருக்கு நடுவிலிருக்கும் ஏரி இவையெல்லாம் இதில் வரும். ஊருக்கு வெளியே புது லேஅவுட் போடுவது புத்தாக்கம் ஆகாது, அது விரிவாக்கம். ஓசூரைப் பற்றிய செய்திகளில் பெரும்பாலானவை விரிவாக்கம் பற்றியவை. பணமும் கவனமும் அங்கேதான் போகின்றன.

## வரிசை எப்படித் தலைகீழாகிறது

ஒரு பெரிய அறிவிப்பு வந்ததும் என்ன நடக்கிறது என்று படிப்படியாகப் பார்க்கலாம்.

1. திட்டத்தின் இடம் முடிவாகும் முன்பே, ‘இங்கேதான் வரும்’ என்ற பேச்சில் நிலம் கைமாறுகிறது. ராகியும் ரோஜாவும் விளைந்த நிலத்தில் கல் நடுகிறார்கள்.

2. மனைகள் விற்கின்றன. வாங்குகிறவர்களில் பலர் குடியேற வாங்குவதில்லை, விலை ஏறட்டும் என்று போட்டு வைக்கிறார்கள். ஆகவே கட்டிய வீடு ஒன்று, காலி மனை பத்து என்று ஊர் சிதறுகிறது.

3. சிதறிய அந்த வீடுகளுக்குச் சாலை, தெருவிளக்கு, குடிநீர் கேட்டு மக்கள் மனு கொடுக்கிறார்கள். நியாயமான கேட்புதான். ஆனால் பத்து வீட்டுக்குப் போட வேண்டிய குழாயின் நீளம் நூறு வீட்டுக்கான நீளம்.

4. நிலம் எல்லாம் விற்றுத் தீர்ந்த பின் அரசுப் பள்ளிக்கோ, கழிவுநீர் உந்து நிலையத்துக்கோ இடம் தேடினால், ஏறிய விலையில் வாங்க வேண்டும். அல்லது மிச்சமிருப்பது ஏரிப் புறம்போக்கு.

5. கடைசியில், எல்லாச் சாலையும் போட்டு முடித்த பிறகு, பாதாளச் சாக்கடைக்காக அதே சாலையைத் தோண்டுகிறார்கள்.

முதல் படியில் உருவான லாபம் தனியாருக்குப் போய்விட்டது. ஐந்தாம் படியின் செலவு பொதுப்பணத்தில் வருகிறது. ஓசூரில் சாலை ஏன் எப்போதும் தோண்டிய நிலையில் இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். காண்ட்ராக்டரைத் திட்டிப் பாதிப் பயன்தான், தவறு அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே நடந்துவிட்டது.

அங்கீகாரமில்லாத மனைகளின் கதையும் இதே வரிசைதான். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அத்தகைய மனைகளின் பதிவுக்குத் தடை போட்டது. 2017ல் அரசு வரன்முறை விதிகளைக் கொண்டுவந்து, 2016 அக்டோபர் 20க்கு முன் பதிவான மனைகளைக் கட்டணம் கட்டி முறைப்படுத்த வழி செய்தது. வாங்கிய ஏழைகளைக் காப்பாற்ற அது தேவைதான். ஆனால் கட்டணம் கட்டினாலும் 20 அடிச் சாலை 30 அடியாவதில்லை. பூங்காவுக்கு விடாமல் விற்ற இடமும் திரும்பி வருவதில்லை.

## தண்ணீரும் கழிவுநீரும்: ஒரே கணக்கின் இரண்டு பக்கம்

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பல்லில் கறை, எலும்பில் வலி என்று இரண்டு தலைமுறை பட்ட பாடு அது. அதற்காகத்தான் ஜப்பானியக் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013ல் செயல்பாட்டுக்கு வந்தது. ஓசூருக்கும் அந்தத் தண்ணீர்தான் ஆதாரம்.

ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காவிரி ஓடுவது பள்ளத்தில். அங்கிருந்து அரை கிலோமீட்டருக்கு மேல் தண்ணீரை ஏற்றித்தான் ஓசூர்க் குழாயில் விட முடியும். ஆகவே இந்த ஊரில் ஒவ்வொரு குடம் தண்ணீருக்குள்ளும் மின்கட்டணம் இருக்கிறது. ஊர் பெரிதாகப் பெரிதாக அந்தக் கட்டணமும் ஏறும். பற்றாக்குறை வந்தால் ஆழ்துளைக் கிணறும் டேங்கர் லாரியும். அங்கே மறுபடி ஃபுளோரைடு.

இப்போது மறுபக்கம். நகரங்களில் ஒரு ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது இந்தியாவில் திட்டமிடுவோர் பின்பற்றும் அளவு. அதில் சுமார் 80 சதவீதம் கழிவுநீராகத் திரும்பும் என்பது பொதுவான கணக்கு. புதிதாக ஒரு லட்சம் பேர் ஓசூரில் குடியேறுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தினமும் 1 கோடியே 35 லட்சம் லிட்டர் தண்ணீர் வேண்டும். 1 கோடியே 8 லட்சம் லிட்டர் கழிவுநீர் வெளியே வரும். 5,000 லிட்டர் லாரியில் அள்ளினால் ஒரு நாளைக்கு 2,160 நடை. அப்படி யாரும் அள்ளப் போவதில்லை. குழாய் இல்லாவிட்டால் அது மழைநீர்க் கால்வாயில் இறங்கி, இந்தப் பக்கத்தில் ராஜகால்வாய் என்று சொல்லப்படும் பெரிய ஓடைக்குப் போய், அங்கிருந்து ஏரிக்குப் போகும்.

ஏரிகளைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். இந்த மேட்டுநிலத்தின் ஏரிகள் சங்கிலியாக அமைந்தவை. மேல் ஏரி நிரம்பினால் கோடி போகும், அதாவது உபரி நீர் வழியும். அந்தத் தண்ணீர் கால்வாயில் இறங்கி அடுத்த ஏரியை நிரப்பும். ஊருக்குள் இருக்கும் ராமநாயக்கன் ஏரியும் இப்படி ஒரு காலத்தில் வயலுக்குப் பாய்ந்ததுதான். ஏரிக்கரையில் நடைபாதை, விளக்கு, பெஞ்சு போட்டு ‘புனரமைப்பு’ என்று பலகை வைப்பது சுலபம், ஒரு வருடத்தில் முடிந்துவிடும். ஏரிக்கு வரும் கால்வாயில் எத்தனை வீட்டுக் கழிவுக் குழாய்கள் திறந்திருக்கின்றன, கோடித் தண்ணீர் போகும் பாதையில் எத்தனை அடி கட்டடமாகிவிட்டது என்பதைச் சரிசெய்வதுதான் கடினம். முதலாவதை மட்டும் செய்தால், சாக்கடைக் குளத்தைச் சுற்றி நடைபாதை போட்டதாகத்தான் ஆகும். மழை பலமாகப் பெய்தால் தண்ணீர் தன் பழைய பாதையைத் தேடிக்கொண்டு தாழ்வான தெருக்களுக்குள் வரும். அது ஆக்கிரமிப்பைப் பார்த்து விலகிப் போகாது.

மேலே இருக்கும் நகரம் கழிவைக் கட்டுப்படுத்தாவிட்டால் கீழே என்ன ஆகும் என்பதற்கு ஓசூரே சாட்சி. பெங்களூரின் கழிவுநீர் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியாகத் தட்சிண பினாகினியில் கலக்கிறது. அந்த ஆறுதான் தமிழ்நாட்டுக்குள் தென்பெண்ணையாக வருகிறது. கெலவரப்பள்ளி அணையில் மதகைத் திறந்ததும் நுரை மலை மலையாகப் பொங்கும் படங்களை எல்லோரும் பார்த்திருப்போம். அந்தப் பாசனத்தை நம்பிய விவசாயி அதே தண்ணீரைத்தான் வயலுக்குப் பாய்ச்சுகிறார். சரி, கர்நாடகத்தைக் கேட்கிறோம், கேட்கத்தான் வேண்டும். ஆனால் ஓசூரின் வடிகாலும் அதே தென்பெண்ணைப் படுகையைத்தான் சேர்கிறது. அதற்குக் கீழே கிருஷ்ணகிரி அணை இருக்கிறது. பெங்களூரு ஓசூருக்குச் செய்ததை ஓசூர் கிருஷ்ணகிரிக்குச் செய்துவிடக் கூடாது.

## பழைய ஊரை என்ன செய்வது

சந்திரசூடேஸ்வரர் மலைக்குக் கீழே இருக்கும் பழைய ஓசூரில் தெலுங்கு, கன்னடம், தமிழ், உருது நான்கும் ஒரே கடைத்தெருவில் கேட்கும். இங்கேதான் புத்தாக்கத்துக்கு உண்மையான வாய்ப்பு இருக்கிறது என்று நினைக்கிறேன். காரணம் எளிது. சாலை, குழாய், மின்கம்பி, பள்ளி, மருத்துவமனை ஏற்கெனவே இருக்கின்றன. புதிதாக நிலம் எடுக்க வேண்டியதில்லை. இருப்பதைச் சீர்செய்தால் போதும்.

இடையூறுகள் இவை:

1. சிறு மனைகள், பல பங்காளிகள். பழைய வீட்டை இடித்துக் கட்டலாம் என்றால், பட்டாவில் தாத்தா பெயர், வாரிசுகள் எட்டுப் பேர். ஒருவர் கையெழுத்துப் போடாவிட்டால் வீடு பாழடைந்து நிற்கும். தளப்பரப்பைக் கூட்டிக் கொடுப்பதால் இந்தச் சிக்கல் தீராது. வாரிசு, பட்டா விவகாரங்களை வார்டு அளவில் முகாம் போட்டு முடித்தால்தான் ஓரளவு தீரும்.

2. தெருவோர வியாபாரிகள். சாலையை அகலப்படுத்தும்போது முதலில் தூக்கப்படுவது இவர்கள்தான். ஆனால் 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் தெளிவாக இருக்கிறது. கணக்கெடுப்பு முடியும் வரை யாரையும் வெளியேற்றக் கூடாது. இடம் மாற்றுவதென்றால் 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். விற்பனைக் குழுவில் 40 சதவீத உறுப்பினர்கள் வியாபாரிகளே தேர்ந்தெடுத்தவர்களாக இருக்க வேண்டும். நீண்ட காலமாக மக்கள் கூடி வாங்கி விற்கும் இடத்தை இயல்பான சந்தையாகச் சட்டமே ஏற்கிறது. பூ, கீரை, கொய்யா விற்கிறவர்களை யாரும் நடந்து வராத மூலைக்கு அனுப்பிவிட்டு ‘மாற்று இடம் கொடுத்தோம்’ என்பது சட்டத்தின் எழுத்துக்கும் சரியில்லை, கருத்துக்கும் சரியில்லை.

3. பழைய தொழில்மனைகள். முதல் கட்ட சிப்காட்டுக்கு ஐம்பது வயதாகிறது. அன்று ஊருக்கு வெளியே இருந்தது, இன்று ஊருக்கு நடுவே. எந்தத் தொழில் வளாகத்திலும் காலப்போக்கில் சில ஆலைகள் மூடிக் கிடக்கும். சிப்காட் மனைகள் பொதுவாக 99 ஆண்டுக் குத்தகை, நிலம் பொதுவுடைமைதான். மூடிக் கிடக்கும் மனைகளைத் திரும்பப் பெற்றுத் தொழிலாளர் குடியிருப்பு, பயிற்சி நிலையம், சிறு பட்டறைகளுக்கான அடுக்குத் தொழிற்கூடம் என்று பயன்படுத்தினால், வேலையும் வீடும் நடக்கும் தூரத்தில் அமையும். புது நிலம் எடுக்க ஆகும் செலவும் வழக்கும் இதில் இல்லை. ஆனால் மண்ணில் எண்ணெய், ரசாயனக் கழிவு இருக்கிறதா என்று சோதித்த பிறகுதான் வீடு கட்ட வேண்டும். அவசரத்தில் தவறவிடக் கூடாத வேலை இது.

## வாடகைக்கு இருப்பவர் எந்தக் கணக்கிலும் இல்லை

ஓசூரின் வளர்ச்சியைத் தூக்கி நிற்பவர்கள் பெரும்பாலும் இங்கே பிறந்தவர்கள் அல்லர். தர்மபுரி, சேலம், திருவண்ணாமலை மாவட்டங்களிலிருந்தும், பிகார், ஒடிசா, ஜார்க்கண்டிலிருந்தும் வந்தவர்கள். ஒரு மனையில் வரிசையாக ஐந்தாறு ஒற்றை அறைகள், மேலே சிமெண்டு ஷீட், மூலையில் பொதுக் கழிப்பறை, தண்ணீர் நாளுக்கு ஒரு முறை. ஒரு அறையில் நான்கு பேர், ஷிப்ட் மாறி மாறித் தூக்கம். விலை ஏறினால் மனை உரிமையாளர் அறைகளை இடித்து அபார்ட்மெண்ட் கட்டுவார். அட்வான்ஸைத் திருப்பி வாங்கிக்கொண்டு இவர்கள் இன்னும் ஐந்து கிலோமீட்டர் வெளியே போவார்கள்.

இழப்பீடு, மறுகுடியேற்றம் எல்லாமே உரிமையாளரைச் சுற்றி எழுதப்பட்டவை. குடியிருப்பவருக்கு அதில் வழி குறைவு. போதாததற்கு, 2011க்குப் பிறகு மக்கள்தொகைக் கணக்கெடுப்பே நடக்கவில்லை, அடுத்தது 2027ல்தான். இடைப்பட்ட காலத்தில் வந்து சேர்ந்த எல்லோரும் தண்ணீர்க் கணக்கிலும் நிதிக் கணக்கிலும் இல்லாதவர்கள்.

செய்ய முடியாத காரியம் இல்லை இது. ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் தொழிலாளர் விடுதியை சிப்காட் கட்டி 2024ல் திறந்தது. ஆனால் விடுதி என்பது தனியாளுக்கு. கல்யாணமாகிக் குழந்தை பிறந்தால் எங்கே போவது? குடும்பத்தோடு இருக்கக்கூடிய சிறிய வாடகை வீடுகளும் சேர்ந்து வர வேண்டும். தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் பெரும்பாலும் சொந்த வீடாகத்தான் கொடுக்கிறது. ஓசூர் மாதிரி ஊருக்கு வாடகை வீடு அதைவிட அவசரம்.

## விமான நிலையமும் நில எடுப்பும்

2024 ஜூனில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார்: ஓசூரில் 2,000 ஏக்கரில், ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகளைக் கையாளும் விமான நிலையம். இதில் இரண்டு விஷயங்களைப் புரிந்துகொண்டால் செய்திகளில் பாதிக் குழப்பம் தீரும்.

முதலாவது ஒப்பந்தச் சிக்கல். பெங்களூரு விமான நிலையத்தோடு ஒன்றிய அரசு செய்துகொண்ட ஒப்பந்தப்படி, 150 கிலோமீட்டர் தூரத்துக்குள் மைசூரு, ஹாசன் தவிர வேறு புதிய விமான நிலையம் 2033 வரை வரக் கூடாது. ஓசூர் அந்த வட்டத்துக்குள் நன்றாக உள்ளே இருக்கிறது. ஆகவே பெங்களூரு நிறுவனம் இசைய வேண்டும், அல்லது அந்தக் காலம் முடிய வேண்டும். கட்டவே பல ஆண்டுகள் ஆகும் என்பதால் இப்போதே தொடங்குவதில் அர்த்தமில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் ‘அடுத்த வருடம் விமானம்’ என்று மனை விற்கிறவரை நம்பவும் முடியாது.

இரண்டாவது, நிலம் எடுக்கும் சட்டம். 2013ஆம் ஆண்டின் மத்திய நில எடுப்புச் சட்டம் சமூகத் தாக்க மதிப்பீட்டைக் கட்டாயமாக்கியது. நிலம் இல்லாத கூலியாள், குத்தகைதாரர் எல்லோரும் அந்த மதிப்பீட்டில்தான் கணக்கில் வருவார்கள். ஆனால் தமிழ்நாட்டின் 1997ஆம் ஆண்டுத் தொழில் நோக்கங்களுக்கான நில எடுப்புச் சட்டத்துக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. 2019ல் அந்தச் சட்டம் மீட்டெடுக்கப்பட்டது, 2021ல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. இழப்பீட்டுக் கணக்கு மட்டும் 2013 சட்டத்தின்படி. எந்தச் சட்டத்தின் கீழ் நோட்டீஸ் வந்திருக்கிறது என்று பார்க்க வேண்டியது அதனால்தான்.

இழப்பீட்டைக் கணக்கிடும்போது வழிகாட்டி மதிப்பையும், கடந்த மூன்று ஆண்டுகளில் அந்தப் பகுதியில் பதிவான பத்திர விலைகளையும் பார்த்து, எது அதிகமோ அதை எடுப்பார்கள். கிராமப்புறமென்றால் அதை ஒரு காரணியால் பெருக்குவார்கள். அதன் மேல் அதே அளவு ஆறுதல் தொகை. வழிகாட்டி மதிப்புக்கும் சந்தை விலைக்கும் நடுவிலான அந்த இடைவெளி இங்கேதான் கடிக்கிறது. முத்திரைத்தாள் செலவை மிச்சம் பிடிக்க ஊரெல்லாம் குறைத்து எழுதிய பத்திரங்கள், நிலம் எடுக்கும் நாளில் அந்த ஊர் விவசாயிக்கே எதிரான சாட்சியாகின்றன. மாநகராட்சி எல்லை விரிந்தாலும் கவனம் தேவை. நகர்ப்புறத்தில் பெருக்கும் காரணி ஒன்றுதான். கிராமப்புறத்தில் இரண்டு வரை போகச் சட்டம் இடம் தருகிறது.

இதற்கு மாற்று வழி ஒன்று இருக்கிறது: நிலத் தொகுப்பு. ஒரு பகுதியில் இருக்கும் எல்லோரும் நிலத்தை ஒன்றாகச் சேர்க்கிறார்கள். சாலை, பூங்கா, பள்ளி, கழிவுநீர் நிலையம் ஆகியவற்றுக்கு ஒதுக்கிய பிறகு, மிச்சத்தை ஒழுங்கான மனைகளாக அவரவருக்கே திருப்பித் தருகிறார்கள். உதாரணத்துக்கு ஒரு ஏக்கர் கொடுத்தவருக்கு 60 சென்ட் திரும்பினால், அந்த 60 சென்ட் சாலையும் குழாயும் உள்ள நிலம், ஆகவே விலை அதிகம். அகமதாபாத் நூறாண்டுக்கு மேலாக ஏறக்குறைய இப்படித்தான் வளர்ந்திருக்கிறது. தமிழ்நாட்டிலும் 2020ல் இதற்கு விதிகள் வந்தன. விமான ஓடுதளத்துக்கு இது பொருந்தாது. ஆனால் அதைச் சுற்றி நிச்சயம் வளரப்போகும் ஊருக்கும், வட்டச் சாலையின் இரு பக்கத்துக்கும் இது மிகப் பொருந்தும். குழாய் முதலில், வீடு பிறகு என்ற வரிசைக்கு எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல கருவி இல்லை.

யானைகளையும் இங்கே சொல்லியாக வேண்டும். ராகி அறுவடைக் காலத்தில் பன்னேர்கட்டா காட்டிலிருந்து ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, சானமாவு வரை யானைக் கூட்டங்கள் வருவது ஆண்டுதோறும் நடப்பது. புதிய சாலைகளும் லேஅவுட்டுகளும் அந்த வழியை நறுக்கினால் யானை வராமல் இருக்காது, ஊருக்குள் வரும்.

## மெட்ரோ

பெங்களூரு மெட்ரோவின் மஞ்சள் தடம் 2025 ஆகஸ்டில் பொம்மசந்திரா வரை வந்துவிட்டது. அங்கிருந்து அத்திப்பள்ளி வழியாக ஓசூருக்கு சுமார் 23 கிலோமீட்டர். இது இரண்டு மாநிலங்களும் சேர்ந்து முடிவெடுக்க வேண்டிய வேலை. ஒரு பக்கம் மட்டும் விரும்பினால் நடக்காது. தொழில்நுட்பமும் வேறு வேறு: பெங்களூரு மெட்ரோவுக்குத் தண்டவாளத்தின் பக்கத்தில் 750 வோல்ட் மின்சாரம், தமிழ்நாட்டின் சென்னை மெட்ரோவுக்கு மேலே கம்பியில் 25,000 வோல்ட். இரண்டையும் ஒரே தடத்தில் சேர்ப்பது எளிதல்ல. மெட்ரோ வரும் வரை, இருக்கும் ரயில் பாதையில் காலையும் மாலையும் வேலைக்குப் போகிறவர்களுக்கான ரயில்களைக் கூட்டுவது இதைவிடச் சீக்கிரம் நடக்கக்கூடியது.

## தர்மபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் இது ஏன் முக்கியம்

நெடுஞ்சாலைகள் வந்து கூடும் ஊர் கிருஷ்ணகிரி. ஆனால் ரயில் நிலையம் இல்லாத மாவட்டத் தலைநகர். இருந்த குறுகிய பாதையும் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் எடுக்கப்பட்டது. வணிகம் பைபாஸ் ஓரத்துக்கு நகர நகர, மலையடிவாரத்துப் பழையபேட்டை போன்ற பகுதிகள் பின்தங்குகின்றன. தர்மபுரியில் சிப்காட் வளாகம், மொரப்பூரிலிருந்து 36 கிலோமீட்டர் ரயில் பாதை, ராயக்கோட்டை வழியாக ஓசூருக்குப் புதிய நெடுஞ்சாலை என்று வேலைகள் நடக்கின்றன. நல்லம்பள்ளி, அதியமான்கோட்டைப் பக்கம் மனைக் கற்கள் முளைக்கத் தொடங்கிவிட்டன. அதே வரிசையின் முதல் படி. ஓசூரில் ஐந்தாம் படியில் செய்வதை இங்கே இரண்டாம் படியிலேயே செய்துவிட இன்னும் நேரம் இருக்கிறது.

அதற்கு மக்கள் கையில் இருக்கும் நேரடியான வழி ஒன்று. முழுமைத் திட்டத்தின் வரைவு வெளியானால், ஆட்சேபணையும் ஆலோசனையும் எழுத்தில் கொடுக்கக் குறைந்தது இரண்டு மாதம் அவகாசம் தர வேண்டும் என்கிறது 1971 சட்டம். பெரும்பாலும் அந்த இரண்டு மாதத்தில் தங்கள் நிலத்தின் வண்ணத்தை மாற்றக் கேட்கும் உரிமையாளர்கள்தான் எழுதுகிறார்கள். ஏரி, கால்வாய், சந்தை, வாடகைக் குடியிருப்பு பற்றி எழுத ஆள் இருப்பதில்லை. எழுதுகிறவர்கள் பொதுவாகப் புகார் சொல்லாமல் இப்படிக் கேட்கலாம்: இந்தச் சர்வே எண்ணில் ஓடும் கால்வாயின் அகலம் வருவாய்ப் பதிவேட்டில் எத்தனை அடி, வரைவில் எத்தனை அடி? இந்தக் குடியிருப்புப் பகுதியின் கழிவுநீர் எந்த நிலையத்துக்குப் போகிறது, அந்த நிலையத்துக்கு எந்த இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது? பெரிய லேஅவுட்டுகள் சட்டப்படி தானமாகக் கொடுக்க வேண்டிய பத்து சதவீதத் திறந்தவெளி எங்கெங்கே, எந்தப் பத்திர எண்ணில் உள்ளாட்சிக்கு வந்திருக்கிறது? மனுவில் சர்வே எண்ணையும் வார்டு எண்ணையும் எழுதி, ஒப்புகைச் சீட்டை வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.